மூடிமேல் ஏறி நிற்பவர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குள் ஊறி வந்ததல்ல, மேலிடத்து உத்தரவு. நகராட்சி ஊழியர்கள் சப்ளையர்களிடம் எப்படி நேர்மையாக நடந்துகொள்வது என்று எங்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்தார்கள். மதியச் சாப்பாடு பிரமாதம்; பைப் சப்ளையர் உபயம். கடைசியில் பயிற்சியாளர், "உங்க அனுபவத்துலேர்ந்து ஒரு சிக்கலைக் கதையா எழுதிக் குடுங்க. ஒரு பக்கம் போதும்" என்றார். எல்லோரும் தலையாட்டினோம். சாப்பிட்ட வாய் மறுத்துப் பேசுமா?

2

முதல் தொடக்கம்: "ஊழல் என்னும் கரையான் அரித்த இந்தச் சமுதாயத்தில்..." [வேண்டாம். எழுதும்போதே எனக்குக் கொட்டாவி வருகிறது.]

இரண்டாம் தொடக்கம்: ஒரு ஸ்டோர் கீப்பர் இருந்தார். கற்பனை ஆள். எடை நூற்றுப் பத்து கிலோ. சாக்கடை மூடும் சிமென்ட் பலகைகள் லாரியில் வந்தால், மூன்றை எடுத்துச் செங்கல்களின் மேல் குறுக்கே போட்டு ஏறி நிற்பார். உடையாவிட்டால் கையெழுத்து. சோதனைக் கருவி கேட்டுக் கோப்பு போய் ஆறு வருஷம் ஆகிறது. அதுவரை கருவி அவர்தான். [தேய்மானப் படி கிடையாது.]

பலகை சப்ளையர் நல்ல பலகைகளை மேலே அடுக்குவார். அது ஊருக்கே தெரியும். அதனால் ஸ்டோர் கீப்பர் மூச்சு வாங்கக் குனிந்து, அடியிலிருந்துதான் உருவுவார். அவருடைய நேர்மை மொத்தமும் அந்தக் குனிதல்தான்.

3

வில்லனை எழுத உட்கார்ந்தேன். வர மாட்டேன் என்கிறான். சப்ளையருக்குத் தங்கப்பல் கட்டிப் பார்த்தேன், பொருந்தவில்லை. அவர் சாதுவான மனிதர்.

ஒருநாள் ஸ்டோர் கீப்பரின் மனைவிக்கு நெஞ்சுவலி. ஆம்புலன்ஸ் வரவில்லை. தற்செயலாக அந்தப் பக்கம் வந்த சப்ளையர்தான் தன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு பறந்தார். அரைமணி தாமதித்திருந்தால் அவ்வளவுதான் என்றார் டாக்டர்.

அலுவலகத்தில் அன்பளிப்புப் பதிவேடு ஒன்று உண்டு. பொருள், மதிப்பு, திருப்பிக் கொடுத்த தேதி என்று மூன்று கட்டங்கள். பெண்டாட்டியை எந்தக் கட்டத்தில் எழுதுவது? எனக்கு அந்த மனிதரைப் பார்த்தாலே கண் கலங்கும். [ஸ்டோர் கீப்பருக்கு என்று திருத்திப் படிக்கவும்.]

4

அடுத்த லாரி வந்தது. ஸ்டோர் கீப்பர் குனிந்தார்.

"எதுக்கு சார் சிரமப்படுறீங்க? மேல இருக்கறதையே எடுங்களேன். தங்கச்சிக்கு இப்ப உடம்பு தேவலையா?"

சப்ளையர் இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டார். ஸ்டோர் கீப்பர் நிமிர்ந்தார். மேலே இருந்ததையே எடுத்தார், ஏறி நின்றார், கையெழுத்துப் போட்டார். அதற்கடுத்த லாரிக்கும் அப்படித்தான். மூன்றாவது லாரியில், இறக்கும்போது அடிப்பலகை ஒன்று நழுவிப் பிஸ்கட் மாதிரி இரண்டானது. உள்ளே கம்பி இல்லை, மூங்கில் சிம்பு. இந்த லோடைத் திருப்பினால் முந்தைய இரண்டையும் தோண்டுவார்கள். அதில் இருப்பது என் கையெழுத்து. [திருத்தவில்லை. அப்படியே இருக்கட்டும்.]

வீட்டில் சொன்னேன்.

"அண்ணன் மட்டும் இல்லன்னா நான் இன்னிக்கு போட்டோவுலதான் இருந்திருப்பேன். பேசாம கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

"உள்ள மூங்கில் வச்சிருக்கான்டி!"

அடுப்பை அணைத்தாள்.

"முன்னாடி வந்ததெல்லாம் எங்க போட்டாங்க?"

"மார்க்கெட் தெருவுல."

"அப்ப இனிமே காய்கறி நீங்களே வாங்கிட்டு வந்துடுங்க. நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்."

நூற்றுப் பத்து கிலோ நான் போகலாமாம்!

5

முடிவு அ: எல்லாவற்றையும் எழுதிக் கொடுக்கிறார். பயிற்சியாளர் கைதட்டுகிறார். வேலை போகிறது. உயிரைக் காப்பாற்றியவர் ஜெயிலுக்குப் போகிறார்.

முடிவு ஆ: கையெழுத்துப் போடுகிறார். ஒன்றும் நடக்கவில்லை. மழைக்காலம் வரை...

முடிவு இ: மருத்துவ விடுப்பில் போகிறார். வேறு ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் பிடித்த முடிவு இதுதான்.

எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இந்தப் பக்கத்தைப் பயிற்சியாளரிடம் கொடுப்பேனா, கிழித்துப் போடுவேனா, தெரியவில்லை. ஆனால் உங்களிடம் கொடுத்துவிட்டேன். இப்போது உங்களுக்கும் தெரியும். தெரிந்தபிறகு என்ன செய்வதென்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். நிதானமாக யோசியுங்கள், அவசரமில்லை. அதுவரை மார்க்கெட் தெருவில் மட்டும் ஓரமாக நடக்காதீர்கள்.