குறை சொல்ல முடியாத நெல்

"இம்பெக்கபிள், சார்!"

சொல்லிவிட்டேன். டெல்லி அதிகாரி முகம் மலர்ந்து, கையில் அள்ளிய நெல்லைக் குவியலிலேயே போட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இம்பெக்கபிள் என்றால் ஒரு குறையும் சொல்ல முடியாதது என்று அர்த்தம். குறை சொல்லத்தானே என்னை நிறுத்தினார்கள்!

மழையில் நனைந்த எங்கள் நெல், கொள்முதல் நிலைய வாசலில் தார்ப்பாய்க்கு அடியில் முளைவிட ஆரம்பித்துவிட்டது. ஈரம் அதிகம் என்று எடுக்க மறுக்கிறார்கள். ஈரப்பத வரம்பைத் தளர்த்தலாமா என்று பார்க்கத்தான் டெல்லியிலிருந்து குழு வந்தது. நெல் நனைந்து கெடுகிறது என்று அவர்களுக்குப் புரிந்தால்தான் தளர்த்துவார்கள். மொழிபெயர்ப்பாளர் போன் பேச ஒதுங்கிய நேரத்தில் அந்த அதிகாரி எங்கள் குவியல் முன்னால் நின்று, நெல் எப்படி இருக்கிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"நம்ம தங்கையன் பொண்ணு இருக்கே! எந்நேரமும் இங்கிலீசுதான். நீ சொல்லு பாப்பா," என்று பஞ்சநதம் மாமா என்னை முன்னால் தள்ளினார்.

மாமா சொன்னது உண்மைதான். போன் ஆப்பில் தினம் ஒரு பெரிய வார்த்தை படித்து, அன்றைக்கே யார் தலையிலாவது போடுவேன். ரசத்தை எக்ஸ்குவிசிட் என்று புகழ்ந்தேன். "ஏன்டி, உப்பு பத்தலையா?" என்றாள் அம்மா. எங்கள் ஆட்டை மேக்னானிமஸ் என்றிருக்கிறேன். அதனிடம் என்ன பெருந்தன்மையைக் கண்டேனோ.

அங்கே தேவைப்பட்டது 'வெட்'. ஈரம் என்று சொல்லும் ஒன்றாம் வகுப்பு வார்த்தை. அதெல்லாம் நம் தகுதிக்குக் குறைவு என்று என் நாக்கே முடிவு செய்து, இன்றைக்குப் படித்ததை எடுத்து நீட்டிவிட்டது.

"நோ சார், வெட் சார்!" என்று பின்னாலேயே ஓடினேன். அவர் ஏறிய கார் என் பாவாடையில் சேற்றை இறைத்துவிட்டுப் போனது.

அப்பா டீக்கடை முழுக்கச் சொல்லிவிட்டார்: "எம்பொண்ணு பேசுனதுல அந்தாளு மொகமே மலந்துபோச்சுங்க. எடுத்துடுவாங்க, பாருங்க."

இன்றும் அவர் நெல்லுக்குக் காவலாக அங்கேதான் படுத்திருக்கிறார். ராத்திரி சாப்பாடு கொண்டுபோனபோது ஆசையாகக் கேட்டார்.

"அது என்ன வார்த்தை பாப்பா? மாமா கேட்டாரு, எனக்குச் சொல்லத் தெரியல."

"காலையில சொல்றேம்ப்பா," என்று ஓடி வந்துவிட்டேன்.

வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று. தார்ப்பாய்மேல் தூறல் விழுவது இங்கே கேட்காது, ஆனாலும் எனக்குக் கேட்கிறது. இத்தனை வார்த்தை தெரிந்த நான், விடிந்ததும் அப்பாவிடம் எந்த வார்த்தையால் சொல்வேன்?