விடையை வாங்கிக்கொள்ள ஒருவர்

"யாருமே கேக்காத கணக்குக்கும் விடை இருக்குமாம்மா?"

நாச்சம்மையின் மகள் விசாலி இரண்டாம் வகுப்பு படித்தபோது சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு இப்படிக் கேட்டாள். நாச்சம்மை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். "முதல்ல சாப்பிடு" என்றாள். விசாலி இப்போது கல்லூரிக்குப் போகிறாள். கேள்வி மட்டும் வளராமல் அப்படியே இருக்கிறது.

நாச்சம்மையின் அலுவலகத்தில், எழுதப்பட்ட கணினி நிரல்கள் காலையில் நேரில் வந்துவிடும். குளித்து, தலை வாரி, எழுதியவர் வரும் வரை வாசலில் காத்திருக்கும். நாச்சம்மை எழுதிய நிரலின் பெயர் வரிசைநாதன். கலைந்து கிடக்கும் பெயர்களை அகர வரிசையில் நிறுத்துவது அவர் வேலை. வெள்ளைச் சட்டை போட்டு, டிபன் கேரியரோடு வருவார். அவளைவிட வயதானவர். அவளை அம்மா என்றுதான் கூப்பிடுவார்.

தினமும் அவர் நெற்றியில் விபூதி இட்டு உள்ளே அனுப்புவாள். கேள்வி கேட்பது சுவர். யாரும் சொல்லாமலே அது கேட்கும்.

"பட்டியலில் யாருமே இல்லை என்றால்?"

"வெறும் பட்டியலைத் திருப்பித் தருவேன்" என்பார் வரிசைநாதன்.

"ஒரே ஒருவர் இருந்தால்?"

"அவர் ஏற்கெனவே வரிசையில்தான் நிற்கிறார்."

"எல்லோருக்கும் ஒரே பெயர் என்றால்?"

"முதலில் வந்தவர் முதலில்."

பச்சை விளக்கு எரியும். ஒருநாளும் சிவப்பு எரிந்ததில்லை. அந்தப் பச்சை வெளிச்சம் முகத்தில் படும்போதெல்லாம் நாச்சம்மைக்கு, பிள்ளை மேடையேறிப் பரிசு வாங்குவதைப் பார்ப்பதுபோல இருக்கும்.

அன்று வேகப் பரீட்சை. தில்லைநாயகம் புதிதாக ஒரு நிரல் எழுதியிருந்தான். அவள் பெயர் துரிதா. ஓட்டப்பந்தயக் காலணி போட்டிருந்தாள். அவளும் பெயர்களை வரிசைப்படுத்துகிறவள்தான். ஒரு வேலைக்கு ஒரு நிரல் என்பது அலுவலக வழக்கம். தோற்றவர் கட்டடத்தின் கோடியில் இருக்கிற அறைக்குப் போக வேண்டும். அந்த அறைக்குக் கதவு உண்டு. உள்பக்கம் கிடையாது.

நேரம் பார்ப்பது இருதயராஜ். நாச்சம்மைக்குப் பக்கத்து இருக்கைக்காரர். போன செவ்வாய்க்கிழமை கடிகாரமாகிவிட்டார்.

"இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டாள் நாச்சம்மை.

"முதுகுவலி போயிடுச்சு மேடம். ஆனா கோணலா மாட்டிட்டாங்க. பாக்கிறதெல்லாம் சாய்ஞ்சு தெரியுது."

அவள் ஸ்டூல் போட்டு ஏறி அவரை நேராக்கினாள்.

"மகராசியா இருங்க" என்றார் இருதயராஜ்.

தாழ்வாரத்தில் பத்து லட்சம் பேர் கலைந்து நின்றார்கள். அவர்கள் நிற்க இடம் வேண்டுமென்று தாழ்வாரம் நீண்டுகொண்டே போனது. மறுகோடியில் தூறிக்கொண்டிருந்தது. நாச்சம்மை குடையில்லாமல் அங்கே போய், வலது கையை நீட்டிக்கொண்டு நின்றாள். அது அவள் பழக்கம்.

வரிசைநாதன் ஓடினார். யாரையும் தள்ளவில்லை. ஒவ்வொருவரிடமும் "கொஞ்சம் இப்படி வாங்க" என்றார். முடித்ததும் விடையை அவள் கையில் வைத்தார். பத்து லட்சம் பேர் அவள் உள்ளங்கையில் அகர வரிசையில் நின்றார்கள். ஒருவர் காலை ஒருவர் மிதிக்கவில்லை.

"மூணு நொடி" என்றார் இருதயராஜ்.

நாச்சம்மை கையில் விடையோடு திரும்பி வந்தாள்; தாழ்வாரத்து ஆட்களைக் கலைத்து மறுபடி நிறுத்தினார்கள். துரிதாவின் முறை. தில்லைநாயகம் கடிகாரத்துக்குக் கீழே நின்று முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பூஜ்யம்" என்றார் இருதயராஜ்.

எல்லோரும் கை தட்டினார்கள். தில்லைநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது. வரிசைநாதன் டிபன் கேரியரை எடுத்துக்கொண்டார்.

தாழ்வாரத்தின் நடுவிலிருந்து ஒரு மனிதர் கத்தினார். "ஏம்மா, எங்கள இன்னும் யாருமே வந்து கூப்பிடலையே. எவ்வளவு நேரம் நிக்கிறது?"

நாச்சம்மை பார்த்தாள். பத்து லட்சம் பேரும் கலைந்தபடியே நின்றார்கள். துரிதா புறப்பட்ட கோட்டிலேயே குனிந்த தலையோடு நின்றாள். நாச்சம்மை அவளிடம் போனாள்.

"ஓடலியா நீ?"

"கட்டடம் விடலைம்மா. 'உன் விடைய யாரு வாங்கப்போறா'ன்னு கேட்டுச்சு. அந்தக் கோடியப் பாத்தேன். யாருமே நிக்கல. 'அப்ப எதுக்கு வீணா ஓடிக்கிட்டு? ஓடினதா வச்சுக்கலாம்'னு சொல்லிருச்சு."

கட்டடம் சிக்கனமானது. யாருக்கும் வேண்டாத வேலையை அது செய்ய விடாது. வேகம் பார்க்கிறவர்கள் இதை அடிக்கடி மறந்துவிடுவார்கள். கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விடையை வாங்க ஆள் வைக்க மாட்டார்கள்.

அந்தப் பூஜ்யம் பொய் என்று நாச்சம்மை ஒரு வார்த்தை சொன்னால் போதும். துரிதா கோடி அறைக்குப் போய்விடுவாள். வரிசைநாதன் தங்குவார். அந்த வார்த்தை அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"அம்மா" என்றார் வரிசைநாதன். "பாவம், காலணியெல்லாம் போட்டுட்டு வந்திருக்கு. ஒரு தடவ ஓடட்டுமே. அப்புறமா நான் போறேன்."

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்து வேகப் பரீட்சை நாச்சம்மைக்கு ஞாபகம் வந்தது. அன்று வரிசைநாதனும் ஓடாமலே பூஜ்யம்தான் வாங்கினார். அவள் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். மறுநாள் காலை, வரிசைநாதனுக்காக அவள் எழுதிவைத்திருந்த பரீட்சையின் கடைசியில் அவள் எழுதாத ஒரு வரி இருந்தது. 'விடையை வாங்கிக்கொள்.' கீழே பெயர் இல்லை. யாரும் அவளைக் கேலி செய்யவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அன்றுதான் வரிசைநாதன் முதன்முதலாக ஓடினார். அதிலிருந்து கோயிலில் விளக்கேற்றும்போதெல்லாம், பெயர் தெரியாத ஒருவருக்காகவும் அவள் வேண்டிக்கொள்கிறாள்.

நாக்கில் வந்ததை விழுங்கிவிட்டு மறுகோடிக்கு நடந்தாள்.

"அக்கா, எங்க போறீங்க?" என்று தில்லைநாயகம் கத்தினான். "அதான் முடிஞ்சிருச்சே!"

"உங்க பொண்ணோட விடை எனக்கு வேணும் தம்பி."

"அத வச்சு என்ன பண்ணப்போறீங்க?"

"பாக்கணும்னு ஆசையா இருக்கு."

வரிசைநாதன் தந்த பத்து லட்சம் பேரை வலது கையிலிருந்து மெல்ல இடது கைக்கு மாற்றினாள். புதிதாக ஒருவர் தருவதை இடது கையால் வாங்குவது மரியாதையில்லை. வலது கையை நீட்டினாள்.

கட்டடம் முனகியது. துரிதா பறந்தாள். கூட்டத்துக்குள் காற்று புகுந்ததுபோல இருந்தது. விடையை நாச்சம்மையின் கையில் வைத்துவிட்டு மூச்சு வாங்கினாள்.

"ரெண்டு நொடி" என்றார் இருதயராஜ். பிறகு, குரலைத் தாழ்த்தி, "மன்னிச்சிருங்க மேடம்" என்றார்.

யாரும் கை தட்டவில்லை.

"சரியா இருக்காம்மா?" என்று துரிதா கேட்டாள்.

தில்லைநாயகம் மேலே பார்த்தான். கீழே பார்த்தான். அவனுக்குத் தெரியவில்லை. சுவருக்கும் தெரியவில்லை. பத்து லட்சம் பேரைச் சரிபார்க்க, சரியான விடை ஏற்கெனவே தெரிந்த ஒருவர் வேண்டும்.

கோடி அறையின் கதவில் கை வைத்திருந்த வரிசைநாதன் திரும்பினார். டிபன் கேரியரைக் கீழே வைத்தார். நாச்சம்மையின் இரண்டு உள்ளங்கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். இடையில் ஒரு முறை மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"ஒரு பேர்கூட மாறல. நல்லா ஓடியிருக்க தாயி" என்றார்.

பச்சை விளக்கு எரிந்தது. சுவரிலிருந்து ஒரு நாற்காலி வந்தது. வரிசைநாதன் அதில் உட்கார்ந்தார். இனி எந்த வேகக்காரர் வந்தாலும் அவர் முன்னால் நிற்க வேண்டும். அவர் தலையசைத்தால்தான் பச்சை.

"இவர எழுதினது யாரு?" என்று சுவர் கேட்டது. சுவர் இதுவரை இப்படிக் கேட்டதில்லை.

"நான்தான்" என்றாள் நாச்சம்மை. "என் பிள்ளை."

கோடி அறையின் கதவு, வேறு வேலையில்லாமல், சுவரோடு சேர்ந்துவிட்டது.

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். இருதயராஜும் ஆணியிலிருந்து இறங்கிப் போனார். அதனால் கொஞ்ச நேரம் நேரமே இல்லை. வரிசைநாதன் நாற்காலியிலேயே கண்ணயர்ந்துவிட்டார்.

நாச்சம்மை தில்லைநாயகத்தின் மேசைக்குப் போனாள். நாளைக்கும் அவன் முள்ளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான். துரிதாவுக்காக அவன் எழுதிவைத்திருந்த பரீட்சையின் கடைசியில், 'விடையை வாங்கிக்கொள்' என்று ஒரு வரி சேர்த்தாள். பெயர் போட இடம் இருந்தது. விட்டுவிட்டாள்.

விசைப்பலகையில் அவள் விரலிலிருந்து கொஞ்சம் விபூதி உதிர்ந்திருந்தது. அதை முந்தானையால் துடைத்துவிட்டு, டீ ஆறுவதற்குள் போய்ச் சேர்ந்தாள்.