ராஜா ஏட்டில் எழுதிய சாமி

ஒரே ஒரு ஊரிலே ஒரு பாரசீக ராஜா இருந்தார். செத்து இரண்டாயிரத்து ஐந்நூறு வருஷம் ஆன பிறகும் இருந்தார். ஊர் ஊராகக் கண்காட்சிக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததால் அவருக்கு ஓய்வு கிடைக்கவில்லை. இந்தத் தடவை சென்னை.

அருங்காட்சியகத்தில் அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு மின்விசிறி, காவலுக்கு யோகராணி. ஜனங்கள் அவர் முகம் போட்ட பனியனோடு வந்து, பக்கத்தில் நின்று செல்பி எடுத்துக்கொள்வார்கள். ராஜா ஒவ்வொருவரிடமும், "வீட்டுக்குப் போங்க" என்பார். பிடித்துவரப்பட்ட ஜனங்களை அந்தக் காலத்தில் அப்படித்தான் அனுப்பிவைத்தாராம். கூடவே அவரவர் சாமியை ஏட்டில் எழுதி, அந்தச் சாமி சிலையையும் கையில் கொடுத்துவிடுவார்.

கேட்டவரின் கால்கள் பிறந்த ஊரைப் பார்த்துத் திரும்பிவிடும். ஒரு வங்கி மேலாளர் முருகனை அணைத்தபடி கோவில்பட்டிக்கு நடந்தே போனார். துணைக்குக் கிளம்பிய மனைவியின் கால்கள் வாசலோடு நின்றுவிட்டன. அவர் பிறந்தது ஆற்காடு.

"நமக்குப் பெரம்பூர்தான் சார், சாப்பாட்டுக்குப் போயிடலாம்" என்று சிலர் நிம்மதியாகப் போனார்கள்.

மூன்று வாரமாக யோகராணி இதை அப்பாவிடம் சொல்லவில்லை. அப்பா செல்லத்துரை பிறந்தது மன்னாரில். அவள் பிறந்தது கும்மிடிப்பூண்டி அகதி முகாமில். அம்மா போன பிறகு அவருக்கு அவள், அவளுக்கு அவர்.

கடைசி நாள், அப்பா வெளுத்த வேட்டியோடு வரிசையில் நின்றார்.

"ஏன் பிள்ளை மறைச்சனீ?"

"நீங்கள் போயிடுவியள் எண்டுதான்."

"ஓம், போவன்தான்."

"வீட்டுக்குப் போங்க" என்றார் ராஜா. அப்பாவின் கால்கள் தெற்கே திரும்பின. ராஜா ஏட்டை விரித்தார்.

"உங்க சாமி?"

"வள்ளத்தில வரேக்க பிள்ளையார் கடலுக்க விழுந்திட்டார்." அப்பா காவல் உடையில் நின்றவளைக் காட்டினார். "இதுதான் என்ர சாமி."

ராஜா எழுதிக்கொண்டார்.

"சாமி நடக்கக் கூடாது. தூக்கிக்கிட்டுத்தான் போகணும்."

"அப்பா, நான் அறுபத்திரண்டு கிலோ!"

"சும்மா இரு. சின்னனில நீ இதைவிடப் பாரம்."

அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டார். வாசலில் கால்கள் நிற்கவில்லை. வரிசையில் இருந்தவர்கள் செருப்பைக் கழற்றினார்கள். ஒரு பெண் கைக்குழந்தையை நீட்டிப் பெயர் வைக்கச் சொன்னாள். யோகராணி மேலிருந்தபடியே வைத்தாள்.

கடல் வந்தது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டினார்.

"பிடிச்சுக்கொள், பிள்ளை."

கணுக்கால் மட்டும் நனைய, அலைகளைத் தாண்டி, அவர் மன்னாரைப் பார்த்து நடந்து போனார்.