மணி சத்தம் போடாமல்

“எங்க அம்மாவோட சவப்பெட்டி இந்தக் கூடத்துல ஒரு மணித்தியாலம் இருக்கணும் மிஸ். முன்வாசலால வந்து, முன்வாசலாலயே போவணும்.”

மரிய கொறற்றி உட்காரவில்லை. தன் வீட்டிலேயே மொண்டிசோரிப் பள்ளி நடத்துகிற மார்ஜரி மிஸ் உட்காரச் சொல்லிக் காட்டியது ஒரு குழந்தை நாற்காலி. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கி வந்தவளையும் முழங்கால் உயர நாற்காலியில் இருத்திவிட்டால் பேச்சு எந்தப் பக்கம் சாயும் என்று மிஸ்ஸுக்குத் தெரியும். கொறற்றிக்கும் தெரியும்.

இதைக் கேட்கவே கூடாது என்றுதான் அம்மா சொல்லி வைத்திருந்தாள். இதை என்ன, எதையுமே. “அந்த வீட்டுல எதையும் கேட்டுறாத புள்ள. கேட்டா குடுத்துருவாங்க. குடுத்துட்டா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாங்க.” பயந்துகொண்டு சொன்ன பேச்சல்ல அது. வேலைக்குக் கிளம்பும்போது கண்ணாடி முன்னால் நின்று, சேலை மடிப்பை நீவிக்கொண்டே, ஒரு ராணி கட்டளை போடுகிற மாதிரி ஜோசப்பின் சொல்வாள்.

அந்த ஜோசப்பின்தான் நேற்று விடியற்காலை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டுமுன்னே முடிந்துவிட்டது. இன்று நாலு மணிக்கு அடக்கம். சந்துக்குள்ளிருக்கும் அவர்களுடைய லேன் வீட்டில் சனம் கொள்ளாமல் ரோட்டுவரைக்கும் நிற்கிறது. அவளிடம் பாட்டுப் படித்துப் போய் இன்று பெரிய ஸ்கூல் யூனிபோர்ம் போடுகிற பிள்ளைகளெல்லாம் பூவோடு வந்து நிற்கிறார்கள். இந்த மொண்டிசோரி மட்டும் மூடவில்லை. கூடத்தில் வழக்கம்போலப் பாய்கள் விரிந்திருந்தன. பிள்ளைகள் மரக் கட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜோசி ஆன்ட்டிக்குக் காய்ச்சல் என்று அவர்களுக்குச் சொல்லியிருந்தது.

ஆன்ட்டி. அந்த வீட்டில் மிஸ் ஒருத்திதான். கொழும்பில் படித்து டிப்ளோமா வாங்கி வந்தவள், கோர்ட்டில் பேர்பெற்ற பஸ்தியாம்பிள்ளை புரொக்டரின் மகள். பாட்டும் பிரெஞ்சும் சொல்லிக்கொடுத்தவள் பதினாறு வருஷமாக ஆன்ட்டி. பிள்ளைகளுக்குக் கால் கழுவிவிடுகிற பாப்பம்மாவும் ஆன்ட்டிதான்.

“கொறற்றி, நீ படிச்ச பிள்ளை. யோசிச்சுப் பேசு. சின்னப் பிள்ளைங்க இருக்கிற இடத்துல பிரேதத்தை வைக்கிறதா? பேரன்ட்ஸ் என்ன சொல்லுவாங்க?”

“அம்மாவும் யோசிச்சு யோசிச்சுத்தான் இத்தன வருஷம் பின்வாசலால வந்தாங்க. போதும்.”

“பின்வாசல் என்ன, முன்வாசல் என்ன? உங்கம்மா எனக்குக் கூடப் பிறந்தவ மாதிரி.”

“கூடப் பிறந்தவ செத்தா ஸ்கூல மூட மாட்டீங்களா?”

எங்கோ ஒரு பிள்ளையின் கட்டைக் கோபுரம் சரிந்தது.

கொறற்றியின் கண் அலுமாரியில் வரிசையாக நின்ற சின்ன டப்பாக்களில் போய் நின்றது. மூடியில் துளை போட்டவை. கண்ணைக் கட்டிக்கொண்டு மோந்து, வாசனையைக் கண்டுபிடிக்க வேண்டும். மிஸ்ஸின் டிப்ளோமாவில் அது வெறும் மூக்குப் பயிற்சி. இரத்தோட்டைத் தோட்டத்து லயத்தில் பிறந்து, எட்டு வயதில் கண்டிக் கன்னியர் மடத்துக்கு வேலைக்காரியாய்ப் போய், அங்கிருந்த வெள்ளைக்காரச் சிஸ்டர்மாரிடம் பிரெஞ்சையும் ஆர்மோனிய வாசிப்பையும் பிடுங்கிக்கொண்டு வந்த ஜோசப்பின், அந்த டப்பாக்களுக்குள் வாசனைச் சரக்குக்குப் பேர்போன இந்த மாத்தளையையே போட்டாள். கறுவாப்பட்டைக்குப் பிரெஞ்சில் ‘கனெல்’. கராம்புக்கு ‘ழிரோஃப்ல்’. சாதிக்காய்க்கு ‘முஸ்காத்’. எல்லாவற்றையும் தானே ஒரு மெட்டில் கட்டி ஆர்மோனியத்தில் வாசிப்பாள். மோந்து பார்த்த பிள்ளை பாடிக்கொண்டே பேர் சொல்லும். திருகோணமலை வீதியில் வாசனைச் சரக்குக் கடை வைத்திருக்கிற அப்துல் ஸமத் நானாவின் மகள் ஸுலைஹா, கடையில் மூட்டை மூட்டையாக மோந்து போய் “கனெல்! கனெல்!” என்று பாடினாளாம். “முப்பது வருஷமா கறுவா விக்கிறேன். அதுக்கு இவ்வளவு வடிவான பேரு இருக்குன்னு என்ட மக சொல்லித்தான் தெரியும்” என்று நானா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார். அதைக் கேட்டுவிட்டு வந்த அன்று அம்மா இரண்டு தரம் கண்ணாடி பார்த்தாள்.

“நான் உங்களுக்கு என்ன குறை வச்சேன்?” மிஸ் மறுபடி தொடங்கினாள். “எண்பத்து மூணு கலவரத்துல நீங்க ஒளிஞ்சிருக்க ரெண்டு கிழமை ஸ்டோர் ரூமைத் திறந்துவிட்டது யாரு?”

வந்துவிட்டது. வராமல் போனால்தான் அதிசயம்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய அந்த ஆடி மாதக் கதையை மிஸ் ஒவ்வொரு பரிசளிப்பு விழாவிலும் சொல்வாள். டவுனில் தமிழர் கடைகள் எரிந்த அன்று பிள்ளைகளை அவள் காப்பாற்றிய கதை. கைதட்டுவார்கள். கடைசி வரிசையில் நின்று அம்மாவும் கைதட்டுவாள்.

நடந்தது வேறு. மத்தியானம் புகை எழுந்தபோது கூட்டிப்போக ஆள் வராத பிள்ளைகள் கொஞ்சப் பேர் இங்கேயே அகப்பட்டுக்கொண்டார்கள். ரோட்டில் ஆட்களின் கூச்சல் நெருங்கி வந்தது. மிஸ் உள்ளறையில் கட்டிலுக்கடியில் ஜெபமாலையோடு கிடந்தாள். ஜோசப்பின் ஜன்னல்களைச் சாத்தினாள். மணிக் கூடையை எடுத்தாள். கூடத்துத் தரையில் முட்டை வடிவில் ஒரு வெள்ளைக் கோடு இருக்கிறது. கையில் பித்தளை மணியைப் பிடித்துக்கொண்டு, அது சத்தம் போடாமல், அடிமேல் அடி வைத்து அந்தக் கோட்டில் நடக்க வேண்டும். தினமும் நடக்கிற பாடம்தான். ஆளுக்கொரு மணியைக் கொடுத்து, தன் மணியோடு முன்னால் நடந்தாள். “தூஸ்மாங்… தூஸ்மாங்…” மெதுவா, மெதுவா. வெளியே கேற்றைப் பிடித்து உலுக்கினார்கள். உள்ளே பிள்ளைகள் மணியைப் பார்த்துக்கொண்டு நடந்தார்கள். வந்தவர்கள் வீடு காலி என்று நினைத்துப் போய்விட்டார்கள்.

“ஒரு மணி சத்தம் போடல புள்ள! ஒண்ணுகூட! அந்த மூக்கொழுக்கிகூட ஆட்டாமப் புடிச்சிருந்திச்சு!” உயிர் தப்பியதைப் பற்றி அம்மா ஒரு சொல் சொல்லவில்லை. இதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். ஏன் இதை எல்லாரிடமும் சொல்லக் கூடாது என்று கொறற்றி கொதித்தபோது சிரித்தாள். “அவங்க கதையில அவங்க இருந்துட்டுப் போவட்டும். எனக்கு என் புள்ளைங்க நடந்தது போதும்.”

கொறற்றிக்குப் போதவில்லை. அதனால்தான் வந்தாள்.

மார்ஜரி மிஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரோட்டுவரை நிற்கிற கூட்டத்தைப் பற்றி அவளுக்கும் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.

“சரி. நீ இவ்வளவு கேட்கிறாய். பிள்ளைங்க போனப்புறம், பக்கத்துக் கதவால கொண்டு வாங்க. பத்து நிமிஷம். நானே ரெண்டு வார்த்தை பேசுறேன். அந்த நாள்ல இந்தக் கூரைக்குக் கீழ உங்கள நான் எப்படி வச்சிருந்தேன்னு சனங்களுக்குத் தெரியட்டும்.”

கொறற்றிக்குச் சிரிப்பு வந்தது. செத்த வீட்டுக்காரி சிரிக்கலாமா என்றெல்லாம் பார்க்கவில்லை, சிரித்துவிட்டாள். அம்மா பெட்டிக்குள் கிடந்தபடியே ஜெயித்திருந்தாள்.

“என்ன சிரிப்பு?”

“கேட்டா குடுத்துருவீங்கன்னு அம்மா சொன்னாங்க. சரியாத்தான் சொல்லியிருக்காங்க. வேணாம் மிஸ்.”

“கோபத்துல பேசாத. திங்கக்கிழமையிலிருந்து நீயே வந்து அம்மாட இடத்துல—”

“டீச்சர் இடத்துலயா, ஆன்ட்டி இடத்துலயா?”

கொறற்றி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அலுமாரியண்டை போனாள். மணிக் கூடையில் எல்லாமே சின்ன மணிகள், சிவப்பு ரிப்பன் கட்டியவை. ஒன்று மட்டும் பெரிது. கண்டி மடத்துச் சிஸ்டர்மார் அம்மாவுக்குக் கொடுத்தனுப்பியது. மணியின் நாக்கை விரலால் பிடித்துக்கொண்டு அதை எடுத்தாள்.

“அது ஸ்கூல்…” என்று தொடங்கிய மிஸ், அது யாருடையது என்று தெரிந்ததால் நிறுத்திக்கொண்டாள்.

“போன்ழூர்!” ஸுலைஹா பாயைச் சுற்றிக்கொண்டு வந்து நின்றாள். அம்மா செத்ததை அவள் வீட்டிலும் யாரும் சொல்லவில்லை போலும். “ஆன்ட்டிக்குக் காய்ச்சல் போயிட்டா?”

கொறற்றி அவள் உயரத்துக்குக் குனிந்து, அவள் வீட்டில் சாவைச் சொல்கிற சொல்லிலேயே சொன்னாள்.

“காய்ச்சல் இல்லம்மா. ஜோசப்பின் மிஸ் மௌத்தாப் போயிட்டாங்க.”

“கொறற்றி!” என்றாள் மார்ஜரி மிஸ்.

பிள்ளை நெற்றியைச் சுருக்கி யோசித்தது. “எந்த மிஸ்?”

“பாட்டும் பிரெஞ்சும் சொல்லிக்குடுத்த மிஸ்.”

ஸுலைஹா அழவில்லை. மணியைப் பார்த்தாள். பிறகு கொறற்றியின் கால்களைப் பார்த்தாள். “செருப்பக் கழட்டணும்” என்றாள்.

கொறற்றி கழற்றினாள். சின்ன வயதில், வேலை முடிந்து அம்மா வரும்வரை பின்வாசலில் நின்று எத்தனையோ நாள் இந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் இதில் கால் வைத்ததில்லை. மணியின் நாக்கிலிருந்து விரலை எடுத்தாள். கோட்டில் குதிகாலை வைத்தாள், அதன் முன்னால் மற்றக் குதிகாலை.

மணியோடு ஒருவர் கோட்டில் ஏறினால் கூடம் அடங்க வேண்டும். அது அம்மா போட்ட சட்டம். கட்டைகள் நின்றன. நாற்காலிகள் நின்றன. பின்கட்டில் பாப்பம்மா பாத்திரம் கழுவுகிற சத்தமும் நின்றது. பிள்ளைகள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். மார்ஜரி மிஸ்ஸும் அசையாமல் நின்றாள்.

முன்வாசலுக்கு நேராகக் கோடு வளைகிற இடத்தில் கொறற்றி கோட்டை விட்டாள். மற்றக் கையில் செருப்பு. முன்கதவு திறந்துதான் இருந்தது. ரோட்டில் இரத்தோட்டை பஸ் ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. முதுகுக்குப் பின்னால் கூடையிலிருந்து மணிகளை எடுக்கிற கைகளின் அசைவு, பிறகு சின்னக் கால்கள், ஒன்றன்பின் ஒன்றாக.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. படி இறங்கும்போது மட்டும், பின்னால் வருகிற பிள்ளைகளுக்குத் தெரியட்டும் என்று மணியைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.