786 போட்டதெல்லாம் நம்மட

கல்முனைக்குடியில் தன் வீட்டு மேல்மாடியில் றுஸ்தா ஒரு கம்பனி நடத்துகிறாள். கம்பனி என்றதும் கண்ணாடிக் கட்டடத்தை நினைக்க வேண்டாம். இரண்டு மேசை, ஒரு ஃபேன், இரண்டு பெண்கள், அவ்வளவுதான். மற்றவள் காரைதீவுக் கேதீஸ்வரி. கெம்பஸில் ஒன்றாகப் படித்த பழக்கம். தனியார் டிஸ்பென்சரிகளில் நோயாளிகள் போனிலேயே நம்பர் எடுப்பதற்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறார்கள். அது ஓடுவது றுஸ்தாவின் பெயரில் எடுத்த ஒரு கிளவுட் கணக்கில்.

அந்தக் கணக்கின் ஒரு மூலையில் கேதீஸ்வரி தன் சொந்த வேலை ஒன்றையும் வைத்திருந்தாள். நெல் இலையைப் படம் பிடித்துக் காட்டினால் என்ன நோய் என்று சொல்லும் மென்பொருள். அதற்காக இரண்டு பெரும்போகம் வயல் வயலாகச் சேற்றில் நடந்து படம் எடுத்தாள். ஒவ்வொரு படத்திலும் இது எரிபந்தம், இது அறக்கொட்டிப் பூச்சி குத்தியது என்று தானே குறித்தாள். போன் நிறைந்து போகும் என்பதால் ஏற்றி முடித்த படங்களைப் போனில் வைப்பதில்லை. அடுத்த கிழமை விவசாயப் போதனாசிரியர்களுக்கு அதைக் காட்டுவதாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை கிளவுட் கம்பனியிடமிருந்து றுஸ்தாவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. உங்கள் கணக்கின் சாவி வெளியே போயிருக்கிறது, யாரோ உள்ளே நுழைந்திருக்கிறார்கள் என்றது. அதற்கு முதல் நாள் அவள் தான் எழுதிய நிரல் ஒன்றை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட்டிருந்தாள். சாவியும் அதற்குள்ளேயே கிடந்திருக்கிறது. கள்ளனுக்கு வீட்டுத் திறப்பைக் கொடுத்து, கதவையும் காட்டிவிட்ட மாதிரித்தான்.

சாவியை உடனே மாற்றினாள். ஆனால் நுழைந்தவர்கள் அதற்குள் உலகத்தின் அந்தத் தொங்கலில் இருந்து இந்தத் தொங்கல் வரை அவள் கணக்கில், அவள் செலவில் தங்கள் இயந்திரங்களை ஓட விட்டிருந்தார்கள். ஒன்றை நிறுத்தினால் இன்னொன்று எழும்பியது. இனி நோயாளிகளின் விபரங்களில் கை வைப்பார்கள் என்று பயந்தாள்.

இதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து எழுதி, யாரும் எடுக்கலாம், யாரும் திருத்தலாம் என்று இலவசமாக விட்டது. ஒரு கிளவுட் கணக்கில் உள்ள அத்தனையையும் துடைத்து எறிந்துவிடும். எதையாவது விட்டுவைக்க வேண்டுமென்றால் அதை முன்கூட்டியே விதிவிலக்காக எழுதி வைக்க வேண்டும். எழுதாத எதற்கும் அதனிடம் இரக்கம் கிடையாது.

எது நம்முடையது, எது கள்ளனுடையது? றுஸ்தா அதிகம் யோசிக்கவில்லை. அவளுடைய வாப்பா காலிதீனுக்கு பஸாரில் ஹார்ட்வெயார் கடை. பிஸ்மில்லாஹ்வைக் குறிக்கும் 786 போடாமல் அங்கே ஒரு துண்டுச் சீட்டும் எழுதப்படாது. அந்தப் பழக்கம் மகளுக்கும் தொற்றி, கிளவுட்டில் எதைச் செய்தாலும் பெயருக்கு முன்னால் 786 போட்டுத்தான் தொடங்குவாள். 786 என்று தொடங்குவதை மட்டும் விட்டுவை என்று ஒரே வரியில் எழுதினாள்.

கருவி முதலில் எதையும் அழிக்காமல், எதையெல்லாம் அழிக்கப் போகிறேன் என்று காட்டியது. வாயில் நுழையாத பெயர்கள் ஓடின. நடுவில் u என்ற ஆங்கில எழுத்தும் ஒரு கோடும் இலக்கமுமாகச் சில பெயர்கள் வந்தன. கண்டாள். கள்ளன் முழுப் பெயர் வைக்கவும் பஞ்சிப்பட்டு ஓர் எழுத்தோடு விட்டிருக்கிறான் என்று நினைத்தாள். கேதீஸ்வரிக்கு ஒரு கோல் எடுத்துக் கேட்டிருக்கலாம். அவசரக்காரனுக்குப் புத்தி மத்திமம் என்பது கம்பியூட்டர் வருவதற்கு முந்திய சொல்தான், ஆனால் இன்னும் செல்லும்.

கணக்கின் பெயரை அடி என்றது கருவி. அடித்தாள். உறுதியென்றால் இன்னொரு தரம் அடி என்றது. அடித்தாள். ஜும்ஆவுக்குப் பாங்கு சொல்லும்போது கணக்கு சுத்தமாகி இருந்தது. டிஸ்பென்சரி வேலைகளில் ஒரு தூசும் விழவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று கதிரையில் சாய்ந்தாள்.

பின்னேரம் கேதீஸ்வரி ஸ்கூட்டியில் வந்தாள். ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் மேலே ஏறினாள்.

"றுஸ்தா, என்ட படம் ஒண்டும் வருகுதில்ல. பேக்கப்பும் அதுக்கதான் கிடந்த, அதுவும் இல்ல. கள்ளனுகள் அழிச்சிட்டாங்களாகா?"

அப்போதுதான் றுஸ்தாவுக்கு உறைத்தது. கேதீஸ்வரி எதைத் தொடங்கினாலும் பிள்ளையார் சுழி போடுகிறவள். கிளவுட்டில் பெயர் வைக்கத் தமிழ் எழுத்து செல்லாதென்று 'உ'வுக்குப் பதிலாக u போட்டாள். கணக்கைத் திறந்த அன்று, ஒருத்தி 786, ஒருத்தி உ, இனி நமக்கென்ன குறை என்று இருவரும் சிரித்ததும் ஞாபகம் வந்தது.

கேட்டதற்கு ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். பழி கள்ளனோடு போய்விடும். அந்தச் சொல் நாக்கு நுனி வரை வந்தது.

"இல்லகா," என்றாள். "நான்தான் கருவி போட்டு அழிச்ச. 786 இல்லாததெல்லாம் கள்ளன்ட எண்டு நினைச்சிட்டன்."

கேதீஸ்வரி ஹெல்மெட்டைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"நான் உ போடுற உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"அழிக்க முந்திக் காட்டுமே. பாத்த நீயா?"

"பாத்த நான்."

அவள் திட்டியிருந்தால் றுஸ்தாவுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கேதீஸ்வரி திட்டவில்லை. அந்த வயல்கள் அறுவடையாகி, நெல் மூட்டையில் ஏறி, வைக்கோலை மாடும் தின்றுவிட்டது. திரும்பப் போய்ப் படம் எடுக்க அங்கே இலை இல்லை. அவள் தன் மடிக்கணினியைத் திறந்து, தன் பெயரில் புதுக் கிளவுட் கணக்கு ஒன்று எடுக்கத் தொடங்கினாள்.

"கோவமா கேதீஸ்?"

"கோவமில்ல. என்ட சாமான் இனி என்ட வளவுக்க கிடக்கட்டும். உன்ட வளவில கிடந்தா, ஒரு அவசரத்தில அது உனக்குக் கள்ளன்ட சாமானாத் தெரியுது."

டிஸ்பென்சரி வேலைக்குத் திங்கட்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். ஸ்கூட்டிச் சத்தம் மெயின் வீதியில் கலக்கும் வரை றுஸ்தா எழும்பவில்லை. வெட்கமாக இருந்தது. காலையில் கள்ளனுக்குப் பயந்த பயம் இதோடு பார்க்கும்போது ஒன்றுமில்லை.

பிறகு விதிவிலக்கு எழுதிய இடத்தைத் திறந்து, 786க்குக் கீழே இன்னொரு வரி சேர்த்தாள். u என்று தொடங்குவதையும் விட்டுவை. அப்படித் தொடங்கும் எதுவும் அந்தக் கணக்கில் இப்போது இல்லை. இருந்தும் எழுத்துப் பிழை இருக்கிறதா என்று பார்த்துச் சேமித்துவிட்டுத்தான் கீழே போனாள்.