மாத்திரைக்கு அபிஷேகப் பால்

தினேஸ்வரியின் வலக்கண் இமைக்குள் ரோஜா நிறத்தில் சதை வளர்ந்திருந்தது. ஈப்போவில் டாக்டர் அபிராமி அதைப் புற்றுநோய் என்றார். அரிதானது, மெதுவாக வளர்வது, ஒருவகைக் கிருமியால் தூண்டப்படுவது என்றும் சொன்னார்.

"இப்பவே கீமோ வேணாம். மூணு வாரம் ஆண்டிபயாட்டிக் சாப்பிடுங்க. பல பேருக்கு இதுலயே கரைஞ்சிடும். பாலோட மட்டும் சாப்பிடாதீங்க, மருந்து உடம்புல சரியா ஏறாது."

கீமோ இல்லை என்றதும் தினேஸ்வரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஆனால் வீட்டில் மாமியார் வீரம்மா இருக்கிறாளே! ரப்பர் தோட்டத்தை அழித்துத் தாமான் வீடுகள் கட்டியும் அசையாமல் நிற்கும் மாரியம்மன் கோயிலில் அவள் நேர்ந்துகொண்டுவிட்டாள். மூன்று வாரமும் அம்மனுக்கு அபிஷேகமான பாலில்தான் மருமகள் மாத்திரை விழுங்கவேண்டுமாம். யாரைக் கேட்டு? நோய் யாருடையது என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டா?

"பால் கூடாதுன்னு டாக்டர் சொன்னாங்க, அத்தை."

"அது கடைப் பாலுலா. இது சாமி பாலு. ஆத்தாளயே சந்தேகப்படுறியா?"

தினேஸ்வரி கணவன் தீபனைப் பார்த்தாள். அந்த மகராசன் கைப்பேசியிலிருந்து தலையை எடுக்காமல், "குடிச்சிட்டுப் போயேன்லா" என்றான்.

குடித்தாள். காலையும் மாலையும் வீரம்மா எதிரே நின்று வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தாள். ஒருநாள், பிறகு தண்ணீரில் விழுங்கிக்கொள்ளலாமென்று தினேஸ்வரி மாத்திரையை நாக்கடியில் ஒளித்தாள். கண்டுபிடித்த வீரம்மா, நோயுள்ள கண் பக்கமாகவே அறைந்தாள். தீபன் டிவி சத்தத்தைக் கூட்டினான்.

மூன்று மாதம் கழித்து ஸ்கேன். சதை கரையவில்லை. மற்றக் கண்ணிலும் கழுத்திலும் கட்டி தெரிந்தது.

"பாலோட சாப்பிட்டீங்களா?" என்று டாக்டர் கேட்டார். தினேஸ்வரி அழுதுகொண்டே தலையாட்டினாள்.

"அதனாலதான்னு உறுதியா சொல்ல முடியாதும்மா. சிலருக்கு மாத்திரை கேக்காது. இனிமே கீமோதான்."

வெளியே வந்ததும், கூட வந்திருந்த வீரம்மா ஆரம்பித்தாள். "பாத்தியா? பால் மேல குத்தமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாங்க. உன் மனசுலதான் சுத்தமில்ல." சொந்தபந்தம் பூராவுக்கும் போன் போட்டு அதையே சொன்னாள். அடிப்பாவி, நாக்கு கூசவில்லை.

இரண்டாவது கீமோவுக்குப் பிறகு, வாரிய சீப்போடு முடி கொத்தாக வந்தது. அதை மடியில் போட்டுக்கொண்டு தினேஸ்வரி விக்கி விக்கி அழுதாள். வீரம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலையை மெல்ல வருடினாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கை இப்படித் தொட்டதில்லை. தினேஸ்வரி, பைத்தியக்காரி, அந்தத் தோளில் சாய்ந்துவிட்டாள்.

"அழாத. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போலாம், மொட்டை போட்டுருவோம்" என்றாள் வீரம்மா. "எப்படியும் கொட்டப்போற முடிதான, ஆத்தாளுக்குக் குடுத்தா புண்ணியம். தீபனுக்கு அடுத்தவ நல்லவளா அமையணும்னு வேண்டியிருக்கேன்லா."