நாலாவது தடம்

பாட்டை எழுதி முடித்து மூன்று மாதம் ஆகிவிட்டது. அது அவன் சட்டைப்பையில்தான் இருந்தது. வெளியே எடுக்கவில்லை.

"எழுதுனியா இல்லையாடா?" என்று நெட்டை கேட்டான். பேஸ் கிடாரைக் கீழே வைக்காமல் மடியில் போட்டுக்கொண்டிருந்தான். "பத்துப் பாட்டுல ஒம்பது முடிஞ்சுது. இது ஒண்ணு தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது."

"வரல."

"ரெண்டு மாசமா இதையே சொல்ற."

அவன் கிடார்க் கம்பியை முறுக்கினான். வரி வந்தால் அவள் போய்விடுவாள். விஷயம் அவ்வளவுதான்.

அந்த ஒலிப்பதிவுக் கூடத்து நாடாவில் நாலே தடம். ஒன்றில் ட்ரம்ஸ், ஒன்றில் பேஸ், மூன்றாவதில் அவனுடைய கிடார். நாலாவதில் அவன் மனைவி. மெட்டே அவளுடையதுதான்; துணி காயப்போடும்போது முணுமுணுத்தது. வரி அமைவதற்குள் மெட்டு மறந்துவிடக் கூடாதென்று அவளை மைக் முன்னால் நிறுத்தி 'லா லா' என்று பாடவைத்தார்கள். பிறகு அதே தடத்தில் அவன் வரியோடு பாடுவதாகப் பேச்சு. புதியது பதியப் பதியப் பழையது அழியும். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்தாவது வாரம் அவள் செத்துப்போனாள். இதயம். வயது இருபத்தாறு.

"நாளைக்குக் காலையில நாடா ரெக்கார்டு கம்பெனிக்குக் கெளம்புது தம்பி" என்றார் ஒலிப்பதிவாளர். கண்ணாடியின் கனத்தால் அவருக்கு சோடாபுட்டி என்று பெயர். அவரே அப்படித்தான் தன்னைச் சொல்லிக்கொள்வார். "வார்த்தை இல்லாம வேண்டாம்னு கம்பெனியில அடிச்சுச் சொல்லிட்டாங்க."

"ட்ரம்ஸையும் பேஸையும் ஒரே தடத்துல சேத்துட்டா ஒண்ணு மிஞ்சுமே?" என்று அவன் கேட்டான்.

"சேக்கறதுக்கே ஒரு காலித் தடம் வேணுமே. நாலும் ரொம்பிக் கெடக்கு. இன்னொரு மெஷின் இருந்தாலாவது அவங்க குரல காப்பி எடுத்துக் குடுப்பேன். இருக்கறது இந்த ஒத்த மெஷின்."

ட்ரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மச்சான், அவள் உடன்பிறந்த தம்பி, கோலால் தன் முழங்காலைத் தட்டிக்கொண்டிருந்தான். தட்டுவதை நிறுத்தினான்.

"மாமா, பையில இருக்கறத எடு."

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அக்கா எனக்குப் படிச்சுக் காட்டுனா. ரெண்டாவது வரியில ஒரு சொல்ல அவதான் பென்சிலால அடிச்சா."

"தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?" என்றான் அவன்.

"எனக்கு மட்டும் அழிக்கணும்னு வேண்டுதலா?"

நெட்டை எழுந்து வெளியே போனான். தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று சொன்னான். தண்ணீர் பாட்டில் அவன் காலடியிலேயே இருந்தது.

சோடாபுட்டி இருமினார். "ஒண்ணு பண்ணலாம். பாட்டு முடிஞ்சதும் ட்ரம்ஸோட கடைசி சிம்பல் தட்டு அடங்கறதுக்குள்ள அவங்க ஏதோ பேசறாங்க. நீ பாடி முடிச்ச உடனே கையத் தூக்கு, நான் பதியறத நிறுத்திடறேன். டக்குனு ஒரு சத்தம் விழும். விழுந்தா விழட்டும். அந்தப் பேச்சாவது உனக்கு இருக்கும்."

"என்ன பேசுறா?"

"கேளு."

கேட்டார்கள். மூன்றாவது வரிக்கு முன்னால் அவள் அரைத் தாளம் பிந்தினாள். பதிந்த அன்று, "கெழவிக்கு மூச்சு வாங்குதுடோய்" என்று தம்பிதான் கிண்டல் பண்ணினான். அவளும் சிரித்தாள். பிந்துவது நன்றாக இருக்கிறதென்று அவள் நின்ற இடத்தில் எல்லாம் அவனும் கோலை நிறுத்தி நிறுத்தி அடித்தான். இரண்டாவது சரணத்தில் ஒரு முழுத் தாளம். மூன்றாவதில் ஒன்றரை. அன்று யாரும் எண்ணவில்லை. இன்று இருவரும் எண்ணினார்கள்.

பாட்டு முடிந்தது. சிம்பலின் ரீங்காரத்துக்கு நடுவில் அவள் குரல்: "போதுமா? இல்ல இன்னொரு தரம் பாடவா?"

"நான் அதுக்குத் தாளம் போட்டிருக்கேன் மாமா" என்றான் மச்சான். "மூச்சு முட்டுனதுக்குத் தாளம் போட்டிருக்கேன்."

"எனக்கும்தான் காது இருந்துச்சு."

"வேணாம். ட்ரம்ஸ நேரா அடிச்சுடறேன். அந்த எடமே வேணாம்."

"இருக்கட்டும்" என்றான் அவன்.

காகிதத்தை விரித்து மைக்குக்குக் கீழே குத்தினான். ஹெட்போனில் மூன்று தடம் ஓடின. நாலாவது ஒலிக்கவில்லை; அதன்மேல்தான் அவன் பாட வேண்டும். சிவப்பு விளக்கு எரிந்தது.

பாடினான். அவள் நின்ற இடத்தில் நின்றான். அரை. ஒன்று. ஒன்றரை வந்தபோது நெஞ்சு அடைத்தது. அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்று தெரிந்தது. கடைசி வரியை முடித்து வாயை மூடினான்.

சிம்பல் ஒலித்துக்கொண்டிருந்தது.

அந்தக் கூடத்தில் நுழைந்த முதல் நாளே சோடாபுட்டி போட்ட சட்டம் ஒன்று உண்டு. சிம்பல் அடங்கும்வரை எவனும் அசையக் கூடாது. நாற்காலி கிறீச்சிட்டு ஒரு முறை, நெட்டையின் விக்கலால் ஒரு முறை என்று எத்தனையோ நல்ல பதிவு வீணாகியிருந்தது. திட்டு வாங்கி வாங்கி இப்போது உடம்பே தானாக உறைந்துவிடும். அவன் மூச்சைப் பிடித்து, கை தொடையோடு ஒட்டிக் கிடக்க, ரீங்காரம் மெலிவதைக் கேட்டுக்கொண்டு நின்றான். மெலிந்தது. இன்னும் மெலிந்தது. நின்றது.

அப்புறம்தான் கை நினைவு வந்தது. தூக்கினான்.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் சோடாபுட்டி பொத்தானில் விரலை வைத்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

மச்சான் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். "ஏன் மாமா தூக்கல?"

"சிம்பல் அடங்கல."

மச்சானுக்கு அது புரிந்தது. அந்தக் கூடத்துக்கு வெளியே யாருக்கும் புரிந்திருக்காது.

நாடாவைத் திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். அவன் குரல் சுத்தமாக விழுந்திருந்தது. டக்கென்ற சத்தம் எங்கும் இல்லை. அவளுடைய 'போதுமா'வும் இல்லை. நெட்டை வாசலில் நின்றபடி, "இதுவரைக்கும் போட்டதுலயே இதான்டா நல்லா வந்துருக்கு" என்றான்.

யாரும் அவனைப் பார்க்கவில்லை.